மூன்றாவது ஓலைக்கு முன்னால்

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. 'நலம்' என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்கிறாள் உன் தங்கை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த வார்த்தையை விட்டுவிடச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவள்தான். பேனாவைப் பிடிக்க என் விரல்களால் முடியும். கையைத் தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்து வரிக்கு வரி நகர்த்தத்தான் தோள் கேட்கமாட்டேன் என்கிறது. நான் பேசுவதை அப்படியே எழுதினால் நீ சிரிப்பாய் என்று, ஒன்பதாம் வகுப்புத் தமிழில் மாற்றி மாற்றி எழுதுகிறாள். உங்கப்பாவுக்கு இந்த வாரம் துறைமுகத்தில் இரவு வேலை. அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறோம். தெருவில் யாருடைய சைக்கிள் சத்தம் கேட்டாலும் பாப்பா விளக்கை அணைத்துவிடுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டாதே. பயந்துகொண்டு எழுதுகிறாள்.

போன ஞாயிறு காலைப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையைப் படித்தார்கள். உன் பெயரையும், திருவொற்றியூர் ரெஜினா பெயரையும், இரண்டு பேருடைய தாய் தகப்பன் பெயரையும் சாமியார் வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். கோயிலில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அதில் பாதி என்னுடையது. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முழங்காலில் நின்றால் என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டும், அதனால் இப்போதெல்லாம் எல்லாரும் முழங்காலிடுகிற எழுந்தேற்றத்துக்கும் எனக்கு நாற்காலிதான். சாமியார் கேட்ட தடை வேறு, எனக்கு நெஞ்சில் குத்தியது வேறு என்று தெரியாமல் இல்லை. மாமியாருக்கு வியாதி இருந்தால் கல்யாணம் செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்து, உங்கப்பாவுக்குத் தெரிந்து, அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வரும் ஞாயிறு இரண்டாவது ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. முந்தின நாள் நீ வண்டியில் வந்து இறங்குவாய். அந்த ஓலையைப் படிப்பதற்குள் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம்தான், ஆனால் அந்த உயரப் படியில் என்னால் ஏற முடியாது. ஏறினாலும் பூத்துக்காரன் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மீதியை அவனாகவே தெருவுக்குச் சொல்லுவான்.

நீ வேலைக்காக விசாகப்பட்டினம் போனபோது உனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கு உடம்பு வலி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பதுதான். அதற்குப் பிறகு போனில் உனக்குச் சொன்னதெல்லாம் உங்கப்பா கழித்துச் சொன்னது. முழுசாகக் கேள்.

காசிமேட்டு இறால் கம்பெனியில் நான் இத்தனை வருஷம் உட்கார்ந்து இறால் உரித்தது உனக்குத் தெரியும். ஐஸில் கை வைத்து உரிக்கிறவர்களுக்கு விரல் வெடிக்கும். ஓரமெல்லாம் கறுத்துச் சொரசொரவென்று ஆகும். ஐஸில் கை வைத்ததும் விரல் வெளுத்துப் போகும், பிறகு நீலமாகும். என் பக்கத்தில் உட்காருகிற பிலோமினா, "நம்ம கைய வெச்சி தேங்கா துருவலாம்மே, துருவாமண எதுக்கு?" என்பாள். எல்லாரும் கையை நீட்டிப் பார்த்துச் சிரிப்போம். அந்த வரிசையில் என் கையும் ஒரு கை. வியாதி வந்து உட்கார்ந்த கை எது, வேலையால் வெடித்த கை எது என்று யார் கண்டுபிடிக்க முடியும்? என் வியாதிக்கு உடம்பில் என்னென்ன அடையாளம் உண்டோ, அதெல்லாம் அந்த ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் இருந்தது. அதில் ஒளிந்துகொண்டுதான் அது வந்தது.

பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாமல் போனது. அடி பம்பில் இரண்டு அடி அடித்ததும் தோள் விழுந்துவிடும். குந்தி உட்கார்ந்தால் தரையில் கை ஊன்றி, சுவரைப் பிடித்து, யாராவது அக்குளில் கை கொடுத்தால்தான் எழுந்திருப்பேன். தலை வாரக் கை மேலே போகவில்லை. இப்போது எனக்குத் தலை வாருவது யார் தெரியுமா? உங்கப்பா. துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச்சில் சங்கிலி இழுத்த அந்தக் கையால், வேலைக்குப் போகும் முன் என்னை உட்காரவைத்து, "ஆடாதம்மே, கோணலாப் பூடும்" என்று அதட்டிக்கொண்டே பின்னுவார். கோணலாகத்தான் இருக்கும். அவர் மேல் நீ கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்.

அந்த நாட்களில் நம் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முனையில் இருக்கிற டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அந்த ஊசி போட்டால் மறுநாளே எழுந்து நடப்பேன். அதில் என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் ஊசியும் பலிக்காமல் போகவே, உங்கப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பஸ்ஸில் என்னைக் குழந்தை மாதிரித் தூக்கி ஏற்றுவார்களே என்ற வெட்கத்தில், போவதற்கு முன் சில நாட்கள் தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டேன். நன்றாக நடந்து போனேன். ரத்தம் எடுத்த பெண்மணி, "வேற டாக்டர்கிட்ட ஏதாவது மருந்து எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டினேன். ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொன்னால் திட்டுவார்கள் என்பது நம் தெருவில் எழுதாத சட்டம். ரத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, பலவீனம்தான் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் சந்தோஷமாக மறுபடி ஐஸில் கை வைத்தேன். ஒரு மழைக்காலம் வந்து, போய், மறு மழையும் வந்தது. இதற்குள் ராயபுரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது முறை போனபோது வேறொரு லேடி டாக்டர் இருந்தார். சின்ன வயசு. அவர் என் ரத்தத்தைக் கேட்பதற்கு முன் என் கையைக் கேட்டார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். இறால் என்றேன். "வேலையை விட்டு வீட்ல இருந்த நாள்ல இந்த வெடிப்பு ஆறிச்சா?" என்றார். ஆறவில்லை. அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு ஊசியைப் பற்றிக் கேட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உங்கப்பாதான், "போட்டுக்கினா டாக்டர், வாரம் தவறாம போட்டுக்கினா, அத்த சொல்றதுக்கு இன்னா வெக்கம் இவளுக்கு?" என்று போட்டு உடைத்தார். இன்று பேசாதே என்று வாயைப் பொத்துகிற மனுஷன் அன்று பேசினார், நைனா. அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தசை கெட்டுப்போகும்போது அதற்குள் இருக்கிற ஒரு பொருள் ரத்தத்தில் கசியும். சி.பி.கே. என்று பெயர். அதை அளந்தால் தசை எவ்வளவு உடைகிறது என்று தெரியும். இது எனக்கு உடனே புரிந்தது. இறால் தட்டில் ஐஸ் உருகி வழிகிற தண்ணீரைப் பார்த்தே, இறாலைத் தொடாமல், சதை கட்டாக இருக்கிறதா குழைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவோமே, அது மாதிரி. ஆனால் மேலே புதிதாக ஐஸ் கொட்டினால் தண்ணீர் தெளிந்துவிடும், உள்ளே கெட்டது தெரியாது. நான் போட்டுக்கொண்ட ஊசி அந்தப் புது ஐஸ், கசிவைக் கொஞ்ச நாள் அடக்கிவிட்டது. என் ரத்தத்தை நானே பொய் சொல்ல வைத்தேன்.

இரண்டாவது பரிசோதனை அப்படி ஏமாறாது என்றார். ரத்தத்தை பம்பாய்க்கு அனுப்பினார்கள். உடம்பைக் காக்க வேண்டிய படை தன் சொந்தத் தசையையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். அப்படி அடிக்கிற படைக்கு ஓர் அடையாளம் உண்டாம். அது ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. உங்கப்பா, "இன்னா டாக்டர், காவலுக்கு வெச்ச நாயி வூட்டுக்காரனையே கடிக்குதுன்றீங்க?" என்றார். "அதேதான். எந்த நாய்னு தெரிஞ்சா எங்கெங்கே கடிக்கும்னும் ஓரளவுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். எனக்கு இருப்பது ஜோ ஒன்று என்கிற வகை. தசையோடு நுரையீரலையும் தொடுகிற வகை. அந்த வெடித்த விரல், வெளுக்கிற விரல், மூட்டு வலி, வறட்டு இருமல் எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. எங்கோ வெளிநாட்டில் ஒரு நோயாளியிடம் முதலில் கண்டுபிடித்ததால் அவர் பெயரின் எழுத்தையே வைத்தார்களாம். அவர் யார், பிழைத்தாரா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி பாப்பாவை அனுப்பினேன்.

இது தொற்றுகிற வியாதி இல்லை. தட்டில், துணியில், மூச்சில் யாருக்கும் போகாது. பாப்பா எழுதிக்கொண்டே, "எனக்கு வருமாம்மா?" என்று இப்போதும் கேட்கிறாள், எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்கிற கணக்கு இதில் இல்லை, அப்படி வருவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்காகவும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் இது என்னை விட்டுப் போகிற வியாதியும் இல்லை. மாத்திரையில் அடக்கி வைக்கலாம். சில நாள் அடுப்பங்கரை வரை நடப்பேன், சில நாள் படுக்கையில் திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். அலுப்பாக இருக்கிறது, நைனா. வலியைவிட அலுப்புதான் பெரிதாக இருக்கிறது.

மாத்திரை முகத்தை ஊத வைத்திருக்கிறது. நீ ஒரு நாள் லீவில் வந்துபோன நிச்சயதார்த்தத்தன்று ரெஜினாவின் அம்மா என் கன்னத்தைத் தடவி, "சம்பந்தியம்மா நல்லா தளதளன்னு கீறாங்க, இன்னா சாப்புடறீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உங்கப்பா, "எங்க வூட்ல மீனுக்கு இன்னா பஞ்சம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்று நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை என்பதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. மூட்டு வலி என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அன்று இரவு நான் கேட்டதற்கு, "வியாதி பேரே என் வாயில நொழைய மாட்டேங்குது. அவுங்க தொத்து வியாதின்னு நென்ச்சிப்பாங்க. பையன் வாழ்க்கை பேஜாராப் பூடும். பொண்ணு வந்தப்பறம் தானா தெரிஞ்சிக்கும்" என்றார். அவர் மனதில் இருக்கிற இன்னொன்றையும் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீ திரும்பவும் விசாகப்பட்டினம் போவாய், வீடு கிடைக்கிற வரை ரெஜினா எங்களோடு இருப்பாள். அப்போது என்னைத் தூக்கவும் கழுவவும் ஒரு ஆள் கிடைக்கும். பாப்பா படிப்பை விட வேண்டியிருக்காது. அவர் கெட்ட எண்ணத்தில் நினைக்கவில்லை, களைத்துப்போய் நினைக்கிறார். ஆனால் ஒரு பெண்ணை அப்படி எடுக்கக்கூடாது. இறால் கம்பெனியில் புதிதாக வேலைக்கு வருகிறவளிடம்கூட மேஸ்திரி முதலிலேயே ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி, "நாள் பூரா இதுல கை வெக்கணும், முடியுமா பாத்துக்கோ" என்பான். அந்த மரியாதையாவது நம் வீடு அவளுக்குச் செய்ய வேண்டாமா?

போன வாரம் ரெஜினா நம் வீட்டுக்கு வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற பெண் இல்லையா, கல்யாணத்துக்கு என் ரவிக்கையைத் தானே தைப்பேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "கைய கொஞ்சம் தூக்குங்க அத்தே" என்றாள். "தோள்பட்டை புட்ச்சிக்கினு கீதும்மா" என்றேன். சரி என்று மேற்கொண்டு எதுவும் கேட்காமல், என் கை கிடந்த நிலையிலேயே சுற்றி வந்து அளவெடுத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில் தலையாட்டியதுதான் நினைவுக்கு வந்தது. அன்று மறைத்ததில் கெட்டது என் தசை ஒன்றுதான். இன்று மறைப்பதில் கெடப்போவது உன் வீடு.

அதனால், நைனா, நீ சொல். உங்கப்பா போனில் "பொண்ணு வூட்ல இன்னாத்தையும் ஒளறாத" என்று சொன்னது எனக்குத் தெரியும். அதை மீறு. மூன்றாவது ஓலை படிப்பதற்கு முன்னால், அவள் அம்மாவிடம் இல்லை, அவள் அண்ணனிடம் இல்லை, அவளிடமே சொல். பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடு. அம்மாவைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், தலை வார வேண்டும், சில நாள் மூச்சு வாங்கும், ஆயுசுக்கும் மாத்திரை, தொற்றாது என்று சொல். இவ்வளவு போதும். அழகாகச் சொல்லப் பார்க்காதே, நீ சின்ன வயசிலிருந்தே அழகாகச் சொல்ல ஆரம்பித்தால் பொய்யில்தான் முடியும். அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்க விடு. வேண்டாம் என்றால், அவளை ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வா. ஓலை நின்றால் தெரு ஒரு மாதம் பேசும், அப்புறம் வேறு வீட்டைப் பேசும். கல்யாணம் ஆன பிறகும் இதே புத்தியைக் கடைசி வரை வைத்துக்கொள். உனக்கு வலித்தால் வலிக்கிறது என்று அவளிடம் சொல். நான் சொல்லாமல் சொல்லாமல் உடம்பையே ஊமையாக்கிவிட்டேன்.

அவள் சரி என்றால், கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்படும் முன் நீ வந்து என் முன்னால் முழங்காலில் நிற்பாய், நான் உன் நெற்றியில் சிலுவை போட வேண்டும். நீ உயரமான பிள்ளை. முழங்காலில் நின்றால்கூட உன் நெற்றி எனக்கு எட்டாது. என் கை இப்போது மார்பு வரைதான் வருகிறது. அதனால் நீ இன்னும் தாழக் குனி. தலையை என் மடியில் வைத்தாலும் சரி. எல்லாரும் பார்க்கட்டும். அன்றைக்கு யாரும் என் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். எட்டுகிற இடத்துக்கு நீ வந்தால் நானே போடுவேன்.

உன் அம்மா.

அண்ணா, இனிமேல் எழுதுவது அம்மா சொன்னது இல்லை. அம்மா தூங்கிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே.

அன்று அளவெடுத்துவிட்டு ரெஜினா அண்ணி போகும்போது நான்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். பாதி வழியில் நின்று, "அத்தையால கைய தூக்கவே முடியல, இல்ல?" என்று கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன். "அழாத குட்டி, நீ ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்கள். நேற்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நின்று ரவிக்கையை என்னிடம் கொடுத்தார்கள். நான் பிரித்துப் பார்த்தேன். தோளிலிருந்து கை முனை வரைக்கும் மேலே பிளந்து, வரிசையாக, அழுத்தினால் மூடிக்கொள்கிற டிச் பட்டன் வைத்திருக்கிறது. கையைத் தூக்காமல், பின்னால் வளைக்காமல், உட்கார்ந்தபடியே போட்டுவிடலாம். பட்டனை மூடினால் வெளியே தெரியவே தெரியாது.

"அண்ணனுக்கு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம். உங்க அண்ணனா சொல்றாரான்னு பாக்கணும். மூணாவது ஓலை வரிக்கும் பாப்பேன்" என்றார்கள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, அண்ணா.

ரவிக்கை ஏன் இன்னும் வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் கேட்டார்கள். அதைப் பார்த்தால் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் என் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறேன். நீ சொல்லிவிட்டு வா. அதற்கப்புறம் எடுத்துக் கொடுக்கிறேன்.